மணியோசை அடங்குவதற்குள்

மழைக்குக் குறையில்லாத மருதாடு என்றொரு நாட்டை முன்னொரு காலத்தில் வீரகேதன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. பாயசம் ஆறும்வரை காத்திருக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள்.

அவன் அவசரத்துக்குத் தோதாக அரண்மனைப் பள்ளியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார் ஆசிரியர் அகோரமூர்த்தி. ஒரு வழக்கைச் சொல்லி மணியடிப்பார். சரி என்றால் வெள்ளைக் கல், தவறு என்றால் கறுப்புக் கல். மணியோசை அடங்குவதற்குள் பிள்ளைகள் பானையில் கல்லைப் போட்டுவிட வேண்டும். யோசித்து நின்றால் ஒற்றைக்காலில் நிற்க வேண்டியதுதான். "கண்மூடித் திறப்பதற்குள் தர்மம் சொல்கிறார்களே!" என்று ராஜாவுக்கு வாயெல்லாம் பல். மந்திரி இளநாகனுக்கோ அந்த மணியோசையே பிடிக்காது.

அந்த ஐப்பசியில் பெரிய ஏரி நிரம்பிக் கரை கசிந்தது. ராஜமுத்திரை இல்லாமல் மதகைத் திறந்தால் நாடுகடத்தல் என்பது சட்டம். ராஜாவோ வேட்டைக்குப் போயிருந்தான். மதகுக் காவலன் சாத்தையா திறந்துவிட்டான். நகரம் பிழைத்தது, தாழ்வில் இருந்த கீழ்ப்பட்டியில் அறுப்புக்கு நின்ற நெல் முழுக்க மூழ்கிப்போனது.

ராஜா திரும்பியதும் வழக்கு சபைக்கு வந்தது. சாத்தையாவை வேலைக்கு வைத்தவன் இளநாகன். மந்திரிமேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த அகோரமூர்த்திக்கு இது போதாதா? "இதற்கு மந்திரி எதற்கு, மகாராஜா? நம் பிள்ளைகளே தீர்ப்புச் சொல்லட்டும்!" என்றார்.

"பலே!" என்றான் ராஜா.

மணி அடித்தது. ஏழு கறுப்பு, நான்கு வெள்ளை. ராஜாவின் மகள் பூங்காவி மட்டும் கையை மூடியபடி நின்றாள்.

"ஒற்றைக்கால், இளவரசி!" என்றார் அகோரமூர்த்தி. அவள் காலைத் தூக்கினாள். ராஜாவின் முகம் சுருங்கியது.

இளநாகன் எழுந்தான். அவன் கைக்குள்ளும் ஒரு கல் வியர்த்துக்கொண்டிருந்தது. "மகாராஜா, தீர்ப்பைப் பிள்ளைகளே உரியவர்களிடம் சொல்லட்டும்" என்றான்.

கீழ்ப்பட்டி மாடக்கண்ணு அழுகிய கதிர்க்கட்டோடு வந்தான். ஏரிக்கரைத் தெரு தங்காயி கைக்குழந்தையோடு வந்தாள்.

"வெள்ளை போட்டவர்கள், உன் நெல் மூழ்கியது சரி என்று இவரிடம் சொல்லுங்கள். கறுப்புப் போட்டவர்கள், உன் குழந்தை பிழைத்தது தவறு என்று இந்த அம்மாளிடம் சொல்லுங்கள்" என்றான் இளநாகன்.

பிள்ளைகள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். கடைசியில் ஒருவன் மெல்லக் கேட்டான்: "கல்லைத் திரும்ப எடுத்துக்கலாமா?"

"தயங்குகிறவன் கோழை! கறுப்புத்தான்!" என்று சீறினார் அகோரமூர்த்தி.

"ஆகட்டும், ஆசிரியரே. உங்கள் வீடும் அதே ஏரிக்கரைத் தெருதானே? உங்கள் மனைவியிடமும் சொல்லிவிடுங்கள்."

அகோரமூர்த்தி தங்காயியைப் பார்க்காமல் பின்னால் நகர்ந்தார்.

"இனி உங்கள் கல், மகாராஜா" என்று இளநாகனே மணியடித்தான். ராஜா வெள்ளையை எடுத்தான். கதிர்க்கட்டு கண்ணில் பட்டது. கறுப்பை எடுத்தான், குழந்தை கொட்டாவி விட்டது. ஓசை அடங்கிப்போனது.

"அப்பா, மணி நின்னுடுச்சு" என்றாள் பூங்காவி.

ராஜா முறைத்தான். பிறகு மகளின் அருகில் போய்த் தானும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டான். சபை சிரித்தது. நின்றபடியே அவன் கேட்டான்: "சாத்தையா, நீ என்னப்பா சொல்கிறாய்?"

"தெரியலை, மகாராஜா. நாளைக்கே இப்படி வந்தாலும் திறக்கத்தான் செய்வேன். ஆனா கீழ்ப்பட்டிக்காரங்க முகத்தை ஏறிட்டுப் பாக்க முடியலை."

ராஜா காலை ஊன்றிக்கொண்டு தீர்ப்புச் சொன்னான். நாடுகடத்தல் இல்லை. அடுத்த அறுவடைவரை கீழ்ப்பட்டிக்கு அரண்மனை நெல். வயலை மூடிய மணலைச் சாத்தையா அள்ள வேண்டும், கூடவே அகோரமூர்த்தியும். மணியின் நாக்கைக் கழற்றி இளநாகன் கையில் வைத்தான் ராஜா. "பள்ளிக்கூடம் இனி உம்முடையது."

மாடக்கண்ணு சாத்தையாவிடம் வந்தான். "உன்னை நான் இன்னும் மன்னிக்கலை. மண்வெட்டி தர்றேன், விடிஞ்சதும் வந்துரு."

சபை கலைந்ததும் பூங்காவி கேட்டாள்: "மந்திரியாரே, எந்தக் கல் சரி?"

இளநாகன் கையை விரித்தான். வெள்ளைக் கல். "நான் வைத்த ஆளாயிற்றே என்று எடுத்தேன், அம்மா. அந்தக் கதிர்க்கட்டைப் பார்த்தபின் போட மனம் வரவில்லை."

அவள் தன் கையை விரித்தாள். கறுப்பு.

இருவரும் கல்லைப் பத்திரமாக முடிந்துவைத்துக்கொண்டார்கள். மறுநாள் விடிந்ததும் கீழ்ப்பட்டிக்கு மணல் அள்ளப் போனவர்களில் அவர்களும் இருந்தார்கள்.