திருஷ்டி பொம்மைக்குப் பட்ட கண்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஊர்க் கண் படக்கூடாதென்று அதன் முகப்பில் ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உருட்டு விழி, கோரைப் பல், முறுக்கு மீசை, முகவாய்க்குக் கீழே தொங்கும் நாக்கு. பார்க்கிறவன் மிரண்டுபோய், வீட்டைப் பார்க்க மறந்து, தன் வழியே போய்விட வேண்டும். அதுதான் பொம்மையின் உத்தியோகம். அதை அது ஒழுங்காகத்தான் பார்த்துவந்தது.

ஐப்பசி மழையில் வந்தது வினை. ஒரு கண்ணில் சாயம் கரைந்து வழிந்து, பொம்மை கண்ணடிப்பதுபோல் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் டியூஷனுக்குப் போன பெண்ணொருத்தி அதோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான், மறுநாள் தெரு கொள்ளாத கூட்டம்.

“பாத்தியால நம்ம மவுசை,” என்றது பொம்மை, பக்கத்து ஆணியில் தொங்கிய எலுமிச்சம்பழத்திடம்.

“பாத்தேன் அண்ணாச்சி. உம்மைப் பாத்து ஒரு கைக்குழந்தை சிரிச்சுதே, அதையும் பாத்தேன்.”

“சிரிச்சா என்னல?”

“நம்ம வேலை சிரிக்க வைக்கிறதா?”

பொம்மை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பேர் வந்தவர்களுக்கு முதலில் அடைத்துப்போவது காதுதான்.

நாள் போகப் போகத்தான் அதற்கு உறைத்தது. ஒருவன் ஞாபகத்துக்கென்று மீசையில் ஒரு கொத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஒருத்தி கன்னத்தில் லிப்ஸ்டிக்கை அப்பிவிட்டுப் போனாள். காற்றடிக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் இளைப்பாறலாமென்றால், “ஏ, மூஞ்சியக் காட்டு” என்று குச்சியால் குத்தித் திருப்பினார்கள். ஆத்திரத்தில் முறைத்தால், “எவ்வளவு அழகா முறைக்குது பாரேன்” என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். பாவம், அது என்னதான் செய்யும்.

படம் எடுத்தவர்கள் எடுத்தோமா போனோமா என்று இருந்தார்களா? அப்படியே தலையைத் தூக்கி வீட்டைப் பார்த்தார்கள். “அடேயப்பா, மூணு மாடி. தேக்குக் கதவு வேற. இவருக்கு எங்கருந்துப்பா இவ்வளவும் வந்துச்சு?” என்று பெருமூச்சு விட்டார்கள். எந்தக் கண்ணை விரட்டப் பொம்மையைக் கட்டினார்களோ, அந்தக் கண்ணையெல்லாம் அதுவே கூட்டிவந்து வாசலில் நிறுத்தியது. அந்த வாரமே மோட்டார் புகைந்து நின்றது. புதிதாகப் பூசிய பால்கனியில் விரிசல் விட்டது.

வீட்டுக்காரி செண்பகவடிவு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பொம்மைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஏங்க, எல்லாம் இந்த மூதேவியாலதான். கழட்டி முச்சந்தியில போட்டு உடைச்சிருவோம்.”

“உடைச்சா ஊரு நம்மளச் சும்மா விடுமாட்டி? இது இப்போ பெரிய ஆளாயிட்டு,” என்றார் அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். “நல்லாப் பாரு, எப்படி ஒடுங்கிப்போச்சுன்னு. கண்ணு பட்டது வீட்டுக்கு இல்ல, இதுக்குத்தான்.”

செண்பகவடிவு பார்த்தாள். பாதி மீசை, ஒற்றைக் கண், கன்னமெல்லாம் நகக்கீறல். அவளுக்கே மனசு இளகிவிட்டது. உப்பும் மிளகாயும் எடுத்துவந்து பொம்மைக்குச் சுற்றி, அடுப்பில் போட்டாள். பொம்மைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் அதோடும் நிற்கவில்லை. மறுநாளே கடைத்தெருவிலிருந்து இன்னொரு திருஷ்டி பொம்மை வாங்கிவந்து, பழையதற்கு முன்னால் கட்டிவிட்டாள்.

புதுசு நல்ல கன்னங்கறுப்பு. அதைப் பார்த்த தெருநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடியது. “இதுல்லா உருப்படி,” என்றது எலுமிச்சை.

பழைய பொம்மைக்குத் தாங்கவில்லை. “தம்பி, வீட்டைக் காக்கத்தான் நான் ஒருத்தன் இருக்கேனே, நீ வேற எதுக்கு?”

“வீட்டையா? நான் உங்களைக் காக்க வந்திருக்கேன் அண்ணாச்சி. உங்க மேல கண்ணு படக்கூடாதாம்,” என்றது புதுசு பணிவாக. பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டது: “அது சரி, நீங்க இங்க என்ன வேலை பாக்கிய?”

நாக்கு என்னவோ முகவாய்க்குக் கீழேதான் தொங்கியது. பதில்தான் வரவில்லை.