ஆடித் தள்ளுபடி

சிறுமலை அடிவாரத்தில் யோகாம்பாள் அம்மா என்றொருவர் இருந்தார். நாற்பது வயதைத் தாண்டாதவர். அவரிடம் உபதேசம் பெற்றவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற சௌந்தரபாண்டி அவர்களில் ஒருவர்.

சௌந்தரபாண்டி ஒரு பழைய வேனை வாங்கித் தன் கையாலேயே வீடாக மாற்றிக்கொண்டிருந்தார். கட்டில் போட்டாகிவிட்டது. அடுப்பு வைத்தாகிவிட்டது. ஒரு சின்ன ஃபிரிட்ஜும் வந்துவிட்டது. அது மனைவி பூரணத்தின் கண் சொட்டு மருந்துக்காக. பூரணத்துக்குக் கண்ணில் அழுத்தம். மருந்து சூட்டில் கெட்டுவிடும். கூரையில் சோலார் பேனல் ஏறாமல் ஃபிரிட்ஜ் ஓடாது, வண்டியும் ஊரைத் தாண்டாது. பேனல் ஏறியதும் இருவரும் வடக்கே போய்ப் பனிமலை பார்ப்பதாக ஏற்பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வேனிலேயே பூரணத்தையும் அழைத்துக்கொண்டு வந்தார். தியானம் முடிந்ததும் அம்மாவின் எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு குழப்பம்மா."

"சொல்லுங்க."

"ஒரு கடையில போன வருஷச் சரக்கு, பாதி விலைக்குத் தர்றாங்க. இன்னொரு கடையில சட்டம் லேசா நெளிஞ்ச பேனல். அது அதைவிட மலிவு."

"ரெண்டும் கரண்ட் தருமா?"

"தரும். வெயில்ல வெச்சு மீட்டர்ல பாத்துட்டேன்."

"அப்புறம் என்ன குழப்பம்?"

"ஆடி வருது. தள்ளுபடியில புதுசே இந்த விலைக்குக் கிடைக்கலாம்."

"போன ஆடியில கிடைக்கலையா?"

"கிடைச்சுது. தீபாவளிக்கு இன்னும் இறங்கும்னாங்க."

"இறங்குச்சா?"

"இறங்குச்சு. அப்புறம் பொங்கலுக்கு..." சௌந்தரபாண்டி கொஞ்சம் தயங்கினார். "பொறுமையா இருக்கணும்னு நீங்கதானேம்மா சொல்லிக்குடுத்தீங்க?"

அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வண்டியை எடுங்க. மலைமேல போயிட்டு வரலாம்."

"பேனல் இல்லையேம்மா."

"மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம்."

பூரணம் முன்னால் உட்கார்ந்தார். அம்மா பின்னால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். வண்டி வளைவுகளில் மெல்ல ஏறியது.

"பூரணம், இடது பக்கம் பாரு. மயில்," என்றார் வண்டி ஓட்டிய சௌந்தரபாண்டி.

பூரணம் தலையைத் திருப்பித் தேடினார். மயில் சாலையோரச் சுவரிலிருந்து இறங்கிப் புதருக்குள் போய்விட்டது.

"எங்க?"

"போயிருச்சு."

அடுத்த வளைவில் கீழே ஒரு குளம் தெரிந்தது. சௌந்தரபாண்டி கையை நீட்டிக் காட்டினார். பூரணம் மறுபடியும் தேடினார். அதற்குள் பாறை வந்து மறைத்துவிட்டது.

"பக்கத்துலதானே காட்டினேன்? என்ன பாக்குற?"

"பக்கத்துல இருக்கறது தெரியறதில்லைங்க. நேரா இருக்கறதுதான் தெரியுது. குழாய்க்குள்ளேருந்து பாக்கற மாதிரி."

சௌந்தரபாண்டி வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னாடி கொஞ்சம். இப்ப ரொம்ப."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"அவர்தான் சொன்னாரு. போன பார்வை வராதாம். இருக்கறதுக்குத்தான் சொட்டு மருந்தாம். அதுவும் எவ்வளவு நாளைக்குன்னு சொல்ல முடியாதாம்."

"நானும்தானே கூட வந்தேன்? எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"நீங்க வெளியில நின்னு போன்ல பேனல் விலை கேட்டுக்கிட்டிருந்தீங்க."

பூரணத்தின் குரலில் குறை எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னைக்கு சாயங்காலம் தீபாவளிக்கு விலை இறங்கிருச்சுன்னு சந்தோஷமா வந்தீங்க."

சௌந்தரபாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எதிரே பள்ளத்தாக்கைத் தாண்டி ஒரு மலை நின்றது. பூரணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நல்லாத் தெரியுதுங்க," என்றார். "மேல ஒரு மரம் தனியா நிக்குது பாருங்க."

சௌந்தரபாண்டி பார்த்தார். மரம் நின்றது. மயிலையும் குளத்தையும் கண்டுபிடித்த அவர் கண்ணுக்கு, அதுவரை அது படவில்லை.

ஒருவர் குடிக்க, மற்றவரும் வாங்கிக் குடிக்க, தண்ணீர் பாட்டில் கைமாறியது. காற்று கொஞ்சம் அடித்து ஓய்ந்தது. சௌந்தரபாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பினார்.

"அம்மா, நான் எதை வாங்கட்டும்?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை," என்றார் அம்மா. "ரெண்டுல எந்தக் கடை திறந்திருக்கும்?"