வெங்காய வாசம் ஏற்ற ஊதாப்பூ

செடிகளும் விலங்குகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பனி கொட்டும் மலைச்சரிவு ஒன்றில் ஊதாப்பூச் செடி வளர்ந்தது. புல் போன்ற இலை, நட்சத்திரம் போன்ற சிறு பூங்கொத்து. செடி முழுக்க இனிய மணம். ஆனால் குளிர் தாங்காது. ஒரு மார்கழியில் உறைபனி விழுந்து இலையெல்லாம் கருகிப்போயிற்று.

அந்த வழியாக வந்த, மலையில் வெங்காயம் பயிரிடும் பொம்மக்கா வேரில் உயிர் இருப்பதைப் பார்த்தாள். அடி ஓட்டையான மண்சட்டியில் அதை நட்டாள். பகலில் வாசலில் வெயில் காட்டினாள், பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் வைத்தாள். தையில் செடி துளிர்த்தது, பிறகு பூத்தது. பொம்மக்கா தினமும் ஒரு கொத்துச் சூடிக்கொண்டாள்.

நடவு நாள் வந்தது. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதை வெங்காயத்தை இறக்கிக் கூடையில் வைத்துவிட்டு, அவளும் கணவன் சடையனும் பாத்தி கட்டப் போனார்கள். வீட்டுக்கு இருந்ததோ தட்டிக் கதவுதான். அந்த விதை போனால் அவர்கள் மலையை விட்டே இறங்க வேண்டும்.

மூடுபனி கவிந்தது. எதிரே இருப்பது தெரியவில்லை. காட்டுப்பன்றி ஒன்று மோப்பம் பிடித்தபடி மேலேறி வந்தது.

வாசலில் இருந்த செடி வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தது: "வெங்காயங்களே, உங்கள் வாசத்தை என்னிடம் தந்துவிடுங்கள்."

"காரம் தாங்குவியா? உன் மணத்தை விட்டால்தானே இதற்கு இடம் இருக்கும்? விட்ட மணம் திரும்பி வராதே!"

"உயிரே அவள் தந்தது. சீக்கிரம்!"

செடி தன் மணத்தை மூடுபனியில் விட்டது. வெங்காய வாசம் முழுவதையும் இலைக்குள் இழுத்துக்கொண்டது.

பன்றி நேரே சட்டிக்கு வந்து இலைகளை வாய் நிறையக் கடித்தது. "தூ! வெறும் புல்லு! இதுக்கா இவ்வளவு மேடு ஏறினேன்?" தும்மிக்கொண்டே இறங்கிப் போயிற்று.

வெங்காயங்கள் தங்கள் வாசத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டன. ஆனால் கொஞ்சம் இலையிலேயே ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்த இருவரும் குளம்புத் தடத்தையும், மொட்டையாக நின்ற செடியையும், குறையாத கூடையையும் பார்த்தார்கள். நடந்ததை வெங்காயங்கள் சொல்லின. சடையன் மிஞ்சியிருந்த இலையை முகர்ந்தான்.

"என்ன புள்ள, குழம்பு வாசம் அடிக்குது! இந்தப் பூவை இனிமே எப்படித் தலையில வைப்ப?"

பொம்மக்கா சட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "தலையில வைக்காட்டி என்ன? என் வீட்டுக்குள்ள வைக்கிறேன். கதவை நகர்த்து, பனி இறங்குது."

அன்றிலிருந்துதான் அந்தச் செடியின் இலையைக் கிள்ளினால் வெங்காய வாசம் வருகிறது. அதன் பூவை யாரும் சூடுவதில்லை. பனிக்காலம் வந்தால் மலைவீடுகளில் ஆட்டுக்குட்டிக்கும் முன்னால் அந்தச் சட்டிதான் உள்ளே போகிறது.