தம்ளருக்குள் ஒரு முள்புழு

வடிவாம்பிகை அந்த மடத்தின் தலைவி. வயது நாற்பதுகூட ஆகவில்லை. எங்கிருந்தோ வந்து அங்கே ஒட்டிக்கொண்ட சீடர் உலகநாதன் அறுபதைத் தாண்டியவர். அவர் ‘அம்மா’ என்பார். அம்மா அவரை ‘அண்ணே’ என்பார்.

தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு அவரைக்காய்க் கூட்டோடு சோறு போடுவது மடத்து வழக்கம். அவரைப் பந்தல் உலகநாதன் பொறுப்பு. அந்த வருடம் கொடி முழுக்கச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. மனுஷர் பொறுப்பாரா? கடையில் கொடுத்த மருந்தை வாங்கிவந்து அடித்துத் தீர்த்துவிட்டார். இலையில் ஊர்ந்த முள்முள்ளான கறுப்புப் புழுக்களும் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒழிந்தது சனியன் என்று கூட்டி அள்ளிக் கொட்டினார்.

சில நாளில் அசுவினி திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. யாத்திரைக்காரர்கள் வருவதற்குள் பந்தலே போய்விடுமே என்று பதறினார். மறுபடி மருந்து கலக்கப் போனவரை அம்மா நிறுத்தினார். தப்பிப் பிழைத்த ஒரு முள்புழுவை இலையோடு கிள்ளிக் கண்ணாடித் தம்ளரில் போட்டு, துணியால் வாயைக் கட்டினார். அசுவினி பிடித்த கொழுந்தைத் தினமும் உள்ளே வைக்கச் சொன்னார். இது என்ன ஆகிறதென்று பார்க்கும்வரை மருந்து வேண்டாம் என்றார்.

இதென்ன வேண்டாத வேலை என்று உலகநாதனுக்கு எரிச்சல். ஆனாலும் வைத்தார். மறுநாள் பார்த்தால் கொழுந்து வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. இன்னொன்று வைத்தார், அதிலும் பூச்சி காலி, இலை அப்படியே இருந்தது. அட, இது அசுவினியைத்தான் தின்கிறது!

பிறகு புழு இலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தார். தூக்கி எறிய மட்டும் மனசு வரவில்லை.

ஒரு காலையில் அதன் முதுகு பிளந்தது. உள்ளேயிருந்து மெத்தென்று, மஞ்சளாக ஒரு வண்டு வந்தது. உலகநாதன் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மஞ்சள் மெல்லச் சிவந்தது. வெறும் முதுகில் கறுப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. பொறிவண்டு! அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூட்டி அள்ளிக் கொட்டியது நினைவுக்கு வர, கண் கலங்கிவிட்டது.

துணியை அவிழ்த்தார். வண்டு பந்தலுக்குப் பறந்தது. அங்கே கொழுந்துகளில் அதே முள்புழுக்கள் புதிதாக ஐந்தாறு ஊர்ந்துகொண்டிருந்தன. மருந்து டேங்கைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட்டு அம்மாவிடம் வந்தார்.

“அந்தப் புழு இதுவாகும்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெரியாதுண்ணே. நீங்க தாடியும் கிழிஞ்ச வேட்டியுமா வந்து நின்ன அன்னிக்கு, கதவைச் சாத்துங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. கொஞ்ச நாள் இருக்கட்டும், பாப்போம்னேன்.”