கால் வைக்கக் கூடாத மனை

மருதவளநாட்டை ஆண்ட இளவழுதி மன்னருக்கு நகைச்சுவை பிடிக்கும். அவருடைய கருவூலத் தலைவர் உலகளந்தாருக்கு நிலம் பிடிக்கும். யார் வீட்டு வேலி சற்றே சாய்ந்தாலும் அது தம் பக்கம் சாய்ந்ததாகவே அவருக்குத் தோன்றும். அவருடைய தென்னந்தோப்பை ஒட்டி வெற்று மனை ஒன்று கிடந்தது. அதையும் வளைத்துவிட்டால் தோப்பு சதுரமாகிவிடும் என்று நெடுநாளாகக் காத்திருந்தார். அந்த வேளையில்தான் அவைப்புலவர் குழைக்காதர் அதே மனைக்கு விலை பேசி முடித்துவிட்டார் என்னும் செய்தி காதில் விழுந்தது. அன்று உலகளந்தாருக்கு மோர்ச்சோறும் கசந்தது.

புலவருக்கோ அந்த மனையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யும்படி உரிமையாளர் சொல்லிவிட்டார். கையிருப்பு விலைக்குச் சற்றுக் குறைந்தது. ஆகவே அவையில் எழுந்து நின்று, கருவூலத்திலிருந்து நாற்பது பொன் கடனாக வேண்டினார்.

"நாற்பதா? ஓய் புலவரே, அரண்மனையில் வந்து கைமாற்றா கேட்கிறீர்? ஐந்நூறாக வாங்கிக்கொள்ளும். மாடி கட்டும், மாடம் கட்டும்," என்றார் உலகளந்தார்.

"மாடியை நான் கட்டுவேன். வட்டியை யார் கட்டுவது?"

அவை சிரித்தது. உலகளந்தார் சிரிக்கவில்லை. பெருங்கடனில் மூழ்கடிக்க முடியாவிட்டால், சிறு கடனிலேயே சிக்கவைத்துவிடத் துணிந்தார்.

"பெருங்கடனுக்கு நிபந்தனை கிடையாது. சிறு கடனுக்கு உண்டு. கடன் தீரும்வரை மனையில் கால் வைக்கக் கூடாது. கால் வைத்தால் அன்றைக்கே கடன் முழுவதையும் கட்டிவிட வேண்டும். தவறினால் மனை கருவூலத்தைச் சேரும்."

கருவூலத்தைச் சேர்ந்த மனை ஏலத்துக்கு வரும். ஏலத்தில் எடுப்பவர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

குழைக்காதர் அந்தச் சொற்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "இதில் ஒரு சொல்லேனும் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா?"

"வேண்டாம். நான் அளந்து பேசுகிறவன்."

"பெயரிலேயே தெரிகிறது. சிறு கடனே போதும், அரசே."

மன்னர் தலையசைத்தார். மனை புலவருடையதாயிற்று.

அதன்பின் உலகளந்தாருக்குத் தோப்பே குடியிருப்பாகிவிட்டது. தென்னைமரத்தின் பின்னால் நின்று, மனையை விட்டுக் கண்ணெடுக்காமல் காவல் காத்தார். புலவர் நாள்தோறும் வருவார்; பெண் பார்க்க வந்தவரைப் போல வேலிக்கு வெளியே நின்று ஏக்கத்தோடு பார்ப்பார்; போய்விடுவார்.

ஒரு நாள் நல்ல மழை. மறுநாள் காலையில் உலகளந்தார் எட்டிப் பார்த்தபோது, மனையின் நட்டநடுவில் ஒரு சோடிச் செருப்பு இருந்தது. மன்னரே புலவருக்குப் பரிசளித்த சரிகைச் செருப்பு. ஆளை அனுப்பினால் அதற்குள் சான்று மறைந்துவிடுமோ என்று அஞ்சி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே பாய்ந்தார். கால் கழுவக்கூட நில்லாமல் செருப்பும் கையுமாக அவைக்கு விரைந்தார்.

"அரசே, புலவர் அகப்பட்டுக்கொண்டார். மனையின் நடுவில் இருந்தது இவர் செருப்பு."

"என்னுடையதுதான். அதில் என் கால் இருந்ததா?" என்றார் குழைக்காதர்.

"கால் இல்லாமல் செருப்பு தானாகப் போகுமா?"

"வேலிக்கு வெளியே நின்று நான்தான் வீசினேன். ஒன்று கவிழ்ந்து விழுந்தது. மூங்கில் கழியால் திருப்பிவைக்கப் பெரும்பாடு பட்டேன். அது கிடக்கட்டும். அங்கிருந்து இங்கே எப்படி வந்தது?"

"நான்தான் போய் எடுத்துவந்தேன்."

"பறந்து போனீரோ?"

"நடந்துதான்…"

அவை முழுவதும் உலகளந்தாரின் கால்களைப் பார்த்தது. கணுக்கால்வரை மனையின் செம்மண் அப்பியிருந்தது. அவர் தம் இருக்கையில் தொப்பென்று அமர்ந்தார்.

"அந்த நிபந்தனை கடன் வாங்கியவருக்கு மட்டுந்தான், அரசே."

"அப்படியா? அன்று சொன்னதை அப்படியே சொல்லும்," என்றார் மன்னர்.

"கடன் தீரும்வரை மனையில் கால் வைக்கக் கூடாது. கால் வைத்தால் அன்றைக்கே…" குரல் தேய்ந்தது.

"இந்த வாக்கியத்தில் எழுவாய் எங்கே?"

உலகளந்தார் பதறி எழுந்தார். "இதோ எழுந்துவிட்டேன், அரசே."

மன்னர் சிரித்த சிரிப்பில் மணிமுடி ஒரு பக்கம் சரிந்தது. "உம்மை எழச் சொல்லவில்லை ஐயா, இலக்கணம் கேட்டேன். யார் கால் வைக்கக் கூடாது என்று நீர் சொல்லவே இல்லையே. அப்படியானால் அது எல்லாருக்கும் பொது. வைத்த கால் உம்முடையது. கட்டவேண்டிய கடனும் உம்முடையது."

உலகளந்தார் தம் மடியை அவிழ்த்து நாற்பது பொன்னையும் எண்ணிவைத்தார். புலவர் வீடு கட்டுவதற்குத் தேக்குமரம் கொடுக்கும்படி ஆணையிட்ட மன்னர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எல்லாம் சரி, குழைக்காதரே. நிபந்தனையைக் கேட்டதும் கடனை ஒரு நூறு பொன்னாகவாவது கூட்டியிருக்கலாமே?"

"கட்டப்போகிறவர் தாங்க வேண்டாமா, அரசே? அவரும் பிள்ளைகுட்டிக்காரர்."