பச்சையம்மனின் மூன்று பூட்டு

கொள்ளிடக் கரையில் ஒரு சிறிய மடம். அதை ஒட்டிப் பச்சையம்மன் கோயில். இரண்டையும் பார்த்துக்கொள்கிறவரை ஊரில் சின்னச் சாமி என்பார்கள். பெரிய சாமி சமாதியாகிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் இவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

முக்தியைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை. பட்டா மாறுதல், மருமகனின் குணம், சர்க்கரை வியாதி, இப்படித்தான் கேட்பார்கள். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

சிஷ்யை தில்லைநாயகி அவரைவிட வயதில் மூத்தவள். வெள்ளிக்கிழமைதோறும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். கூடவே மகன் கதிர்வேல் வருவான். அவனுக்கு இருபத்தெட்டு வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றியவன். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வான், டிக்கெட்டைப் பத்திரமாகக் கையில் வைத்திருப்பான். ஐந்து ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

ஆடிப்பூரத்தன்று காலையில் வந்தபோது தில்லைநாயகியின் கண் சிவந்திருந்தது.

"வக்கீல் திங்கக்கிழமை பதில் கேக்குறார், சாமி."

"என்ன பதில்?"

"வீட்டையும் பணத்தையும் நேரா கதிர் பேர்ல எழுதுனா அவனால ஒண்ணும் பண்ண முடியாதாம். அவனுக்காக ஒரு டிரஸ்ட் வச்சு எழுதணுமாம். எனக்கப்புறம் அதைப் பாத்துக்கப் போறது யாருன்னு கேக்குறார்."

"யாரு?"

"எங்கண்ணன் நடேசன்தான். தாய்மாமன் இருக்கறப்ப வேற யாரு?"

"சரி. அப்புறம் எதுக்கு அழுதீங்க?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"விவாகரத்து ஆனப்ப வீட்டுல பாதி கதிரோட அப்பாவுக்குப் போச்சு. இப்ப அவர் அந்தப் பாதியையும் புள்ளைக்கே எழுதுறேங்கிறார். ஆனா பாத்துக்கற ஆள்ல தானும் ஒருத்தரா இருக்கணுமாம். அவருக்கு வேற குடும்பம் வந்தாச்சு. எப்படிச் சாமி நம்புறது? அதோட, அவரைச் சேத்தா நான் வரமாட்டேங்கிறான் அண்ணன். சேக்கலன்னா பாதி வீடு போச்சு."

கதிர் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டு டிக்கெட்டை நான்காக மடித்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நெஞ்சுல அடைப்பு இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் போயிட்டா இவனுக்கு யாரு?"

சாமி எழுந்தார்.

"அம்மனுக்கு நகை சாத்தணும். பெட்டிக்கு மூணு பூட்டு. ஒரு சாவி என்கிட்ட இருக்கு. இன்னொண்ணு கீழத்தெரு வைத்திலிங்கத்துக்கிட்ட, மத்தது மளிகைக்கடை சம்பந்தத்துக்கிட்ட. போய் வாங்கிட்டு வாங்க."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. நெஞ்சடைப்பு என்று சொன்னவளை வெயிலில் சாவி வாங்க அனுப்புகிற குருவை இப்போதுதான் பார்க்கிறாள். ஆனாலும் போனாள். கதிரும் பின்னால் போனான்.

வைத்திலிங்கம் சாவியைத் தரவில்லை.

"சாவி தனியா வராதும்மா. சாவி எங்க போகுதோ அங்க நானும் போவேன். சம்பந்தம் வர்றானா?"

"இனிமேதான் கூப்பிடணும்."

"அவன் மொகத்துல எவன் முழிப்பான்? நான் வரல. அவனையே தொறக்கச் சொல்லுங்க."

அவள் திண்டாடிப்போய் மளிகைக்கடைக்கு நடந்தாள். சம்பந்தமும் அதையே சொன்னார். என்றோ ஒரு திருவிழாவில் பரிவட்டம் யார் தலையில் முதலில் கட்டுவது என்று தொடங்கிய சண்டை அது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

"அந்த ஆள் நிக்கற எடத்துல நான் வந்து நிக்கணுமா? அவரே தொறக்கட்டும்மா."

"சரிங்க, அவரையே தொறக்கச் சொல்லிடறேன்" என்று அவள் திரும்பினாள்.

"அது எப்படி?" என்றார் சம்பந்தம். கல்லாவைப் பூட்டிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "நான் இல்லாம அவர் எப்படித் தொறப்பார்?"

அவர் தெருவில் நடப்பதைப் பார்த்ததும் வைத்திலிங்கமும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் தெருவின் இரண்டு ஓரமாக நடந்தார்கள்.

மூன்று பூட்டும் திறந்தன. ஒவ்வொரு பூட்டு திறக்கும்போதும் கதிர் கைதட்டினான். வைத்திலிங்கம் ஒவ்வொரு நகையாகப் பெயர் சொல்லி எடுத்து வைத்தார். சம்பந்தம் அதையே இன்னொரு தரம் சுவரைப் பார்த்துச் சொன்னார். காசுமாலையில் ஒரு கண்ணி விட்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். வைத்திலிங்கம் அதை வாங்கிப் பார்த்து, தட்டானிடம் கொடுக்க வேண்டும் என்று சாமியிடம் சொன்னார். சம்பந்தமும் அதைச் சாமியிடமே சொன்னார்.

பச்சையம்மன் ஒட்டியாணமும் காசுமாலையுமாக ஜொலித்தாள். தீபாராதனை முடிந்தது. பிரகாரத்தில் சாமியும் தில்லைநாயகியும் உட்கார்ந்தார்கள். கதிர் தொன்னையில் பொங்கலை வைத்துக்கொண்டு அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவளுக்கு நிலம் இருக்கு, கடை வாடகை வருது" என்றார் சாமி, அம்மனைக் காட்டி. "ஒரு கையெழுத்துப் போடத் தெரியாது. கோர்ட்டுல இவளை இன்னைக்கும் மைனர் மாதிரிதான் வச்சிருக்காங்க. அதுக்காக இவளைப் பாத்து யாராவது பாவம்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

பஸ்ஸில், கல்யாண வீட்டில், ரேஷன் கடையில் என்று இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டு வருகிறவள் அவள்.

பிறகு கேட்டாள். "எங்கண்ணன் தங்கமான மனுஷன், சாமி. அவன் ஒருத்தன் போதாதா?"

"வைத்திலிங்கமும் தங்கம்தான்."

"அப்புறம் எதுக்கு மூணு பூட்டு?"

"அவர் பொண்ணு கல்யாணத்துல அவருக்குக் கை ரொம்பக் கடிச்சுது. ஒரு பூட்டு, ஒரு சாவின்னு இருந்திருந்தா அந்த மாசம் முழுக்க மனுஷன் தூங்கியிருக்க மாட்டார். அவரே என்கிட்ட சொன்னது. மூணு பூட்டா இருந்ததால நிம்மதியாத் தூங்கினாராம்." சாமி கையைத் துடைத்துக்கொண்டார். "உங்கண்ணனுக்கு எத்தனை பொண்ணு?"

"ரெண்டு."

அவள் செல்போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கதிரோட அப்பாவையும் சேக்கப் போறேன். கதிர் போற ஸ்பெஷல் ஸ்கூல் ஸ்டெல்லா டீச்சரையும் கேக்கப் போறேன். நீயும் இரு. மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் வெளியே வரணும்."

நடேசன் போட்ட சத்தம் பிரகாரத்தைத் தாண்டிக் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டாள். சத்தம் ஓய்ந்தபின் மறுபடி காதில் வைத்தாள்.

"சரிண்ணே, உனக்குக் கஷ்டம்னா நீ வேணாம். அவரும் டீச்சரும் மட்டும் இருக்கட்டும்."

"அது எப்படி?" என்றார் நடேசன். "நான் இல்லாம அந்த ஆள் என் மருமகன் சொத்துல எப்படிக் கை வைப்பான்? எங்க வந்து கையெழுத்துப் போடணும், சொல்லு."

போனை வைத்ததும் தில்லைநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கதிர் அவளைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தான். கோர்ட்டுப் படி ஏறிய நாளிலிருந்து அம்மா இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. தொன்னையில் மிச்சமிருந்த பொங்கலை அவள் கையில் கொடுத்தான். அவள் வழித்துச் சாப்பிட்டாள்.

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவளுக்கு ஒரு சின்னச் சந்தேகம் எழுந்தது. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணனும் அவரும் ஒருத்தரோட ஒருத்தர் ஒரு வார்த்தை பேசிக்க மாட்டாங்களே, சாமி."

சாமி, நகைகளை மறுபடி வைத்துப் பூட்டிய பெட்டியின் மூன்றாவது பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு. பேச ஆரம்பிச்சா வந்து சொல்லுங்க. அப்பக் கவலைப்படலாம்."