உப்புத் தண்ணீரில் நின்ற போர்க்கப்பல்

முள்ளிநாட்டுக்குக் கடல் கிடையாது. ஆனால் போர்க்கப்பல் ஒன்று உண்டு. அதைக் கட்டுவதற்கு முன் சுள்ளியாற்றின் நீளத்தை ஆள் வைத்து ஒழுங்காக அளந்தார்கள். ஆழத்தை அளக்கவில்லை. கப்பல் நீளவாக்கில்தானே போகப்போகிறது?

ஆறு கடலில் சேரும் இடத்தில் பகைவர் கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு, உள்ளே வரும் உப்புத் தோணிகளை எல்லாம் மறித்துக்கொண்டிருந்தது. அரண்மனையில் ரசம் சப்பென்று போனது. மன்னர் கும்பமுடியார் மூன்று வேளை பொறுத்துப் பார்த்துவிட்டு, கப்பல் தளபதி வெற்றிக்கூத்தரை ஆட்களோடு கூப்பிட்டார்.

"பௌர்ணமிக்கு நான் வந்து பார்ப்பேன். அன்றைக்கு நம் கப்பல் உப்புத் தண்ணீரில் நிற்க வேண்டும். கொடி பறக்கிற பாய்மரத்தை வெட்டக் கூடாது. வழியில் என் பாட்டனார் கட்டிய பாலம் இருக்கிறது, அதில் ஒரு கல்லும் அசையக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் உன் மீசையைச் சந்தையில் வைத்துச் சிரைப்பேன்."

வெற்றிக்கூத்தருக்கு இருந்ததே அந்த மீசைதான். அதற்குப் பின்னால் ஆள் என்று பெரிதாக எதுவும் இல்லை.

கப்பலை ஆற்றில் இறக்கினார்கள். இறக்கிய இடத்திலேயே மணலில் உட்கார்ந்துகொண்டது. கப்பல் கட்டிய தச்சர் கரையிலிருந்து, "பாரத்தை இறக்குங்கப்பா, தானா மிதக்கும்" என்று கத்தினார்.

எது பாரம் என்று ஆலோசனை நடந்தது.

"பீரங்கிதாங்க பாரம்," என்றான் சுக்கான் பிடிக்கிற மாசாணம்.

"குண்டு?"

"அது அதைவிடப் பாரமுங்க."

பீரங்கி, குண்டு, வேல், வாள் எல்லாவற்றையும் கரையில் அடுக்கிவிட்டார்கள். கப்பல் மிதந்தது. அப்போதுதான் மாலுமி தொப்பளானுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, சண்டைக்குப் போறோம். கையில ஒண்ணுமில்லையே?"

"அது எதிரிக்குத் தெரியுமா?" என்றார் தளபதி.

"நாம சொல்லாட்டித் தெரியாதுங்க."

"அப்போ யாரும் சொல்லாதீங்கடா."

இப்படி ராணுவ ரகசியத்தோடு பாலம் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். அங்கே பாய்மரம் பாலத்தைவிட ஒரு முழம் உயரமாக நின்றது.

"பாரம் ஏத்தினா கப்பல் கீழே எறங்கும்ல?" என்றான் மாசாணம். அவன் வாழ்க்கையிலேயே சரியாகச் சொன்னது அது ஒன்றுதான். ஆனால் பாரம் எல்லாம் வந்த வழியில் அல்லவா கிடக்கிறது? வேடிக்கை பார்க்க வந்த ஊர்சனத்தை ஏற்றினார்கள். ஆட்டுக்கல்லோடு ஒரு அம்மாள் வந்தார். அவருக்கு முன்வரிசை கிடைத்தது. கப்பல் அமிழ்ந்தது. பாய்மரம் பாலத்துக்கு அடியில் நுழைந்தது. தளபதி மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கஞ்சி நேரம் வந்துவிட்டது. ஊர்சனம் அத்தனையும் இறங்கி வீட்டுக்குப் போனது. ஆட்டுக்கல்லும் போனது. கப்பல் மேலே எழும்பி, பாய்மரம் பாலத்தின் அடியில் ஆப்பு அடித்த மாதிரி இறுகியது.

தொப்பளானை ஆற்றின் மேல்பக்கம் உள்ள மதகுக்கு ஓடவிட்டு அடைக்கச் சொன்னார்கள். தண்ணீர் வடிந்தது. பாய்மரம் விடுபட்டது. கப்பல் மணலில் உட்கார்ந்தது. திறக்கச் சொன்னார்கள். கப்பல் எழும்பியது, பாய்மரம் மாட்டியது. அடை, உட்கார்ந்தது. திற, மாட்டியது. தொப்பளானின் நாக்கு வெளியே தொங்கியது.

"பாலத்தை வெட்டக் கூடாது, பாய்மரத்தை வெட்டக் கூடாது," என்றார் தளபதி. "வேற எதை வெட்டலாம்?"

"ஆத்தை வெட்டலாமுங்க," என்றான் மாசாணம்.

"எந்த இடத்துல?"

"அதாங்க, தண்ணி மறைக்குது."

பௌர்ணமியும் வந்துவிட்டது. அரண்மனைப் பக்கம் முரசு கேட்டது. வெற்றிக்கூத்தர் மீசையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"மாசாணம், மன்னர் என்னடா சொன்னாரு? சொன்னதை அப்படியே சொல்லு."

"உப்புத் தண்ணியில நிக்கணும்னாருங்க."

"கடல்னு சொன்னாரா?"

"வாயைத் திறந்து சொல்லலீங்க."

தளபதியின் முகம் தெளிந்தது. நாட்டில் மிச்சமிருந்தது அரண்மனைக் களஞ்சியத்தில் இருந்த கடைசி உப்பு மூட்டைகள்தான். போர்க்காலத்துக்கு என்று மன்னரே பூட்டி வைத்தவை. "இப்போ நடக்கிறது போர்தானே?" என்று கேட்டார்கள். காவலாளியும் யோசித்து, ஆமாம் என்று திறந்துவிட்டான். மதகை இறுக அடைத்து, பாலத்தடியில் குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். ஆற்று மீனெல்லாம் மல்லாந்தது. கப்பல் நடுவில் ஜம்மென்று நின்றது.

மன்னர் பல்லக்கிலிருந்து இறங்கி, ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கே?"

"இது கரையோரம்தானே, பிரபு. உள்ளே போகப் போக ஏறும்."

"பகைவன் எங்கே?"

"கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் காணோம், பிரபு."

மன்னருக்குத் திருப்தி. ஆனாலும் அவர் விவரம் தெரிந்தவர் அல்லவா? கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

"கடல் என்றால் அலை இருக்குமே. அலை எங்கே?"

வெற்றிக்கூத்தர் மீசையை மெல்ல முறுக்கிவிட்டார்.

"அலை மோதினால் தங்கள் பாட்டனார் பாலத்தில் கல் அசைந்துவிடும் பிரபு. அதனால் நிறுத்தி வைத்திருக்கிறோம்."

மன்னர் பாலத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு கல்லும் அசையவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.